ஒரு விலங்கின் வரவு செலவுக் கணக்கை எழுதிப் பார்ப்பது எப்படி?

விலங்குகளைக் கவனிக்கத் தொடங்கிய ஒருவருக்கு முதல் சில மாதங்களிலேயே இந்தக் கேள்விகள் வந்துவிடும். இந்தப் பறவை ஏன் இந்த மாதத்தில் மட்டும் முட்டையிடுகிறது? போன வருடம் குட்டியோடு திரிந்த பெண்மான் இந்த வருடம் ஏன் தனியாகத் திரிகிறது? கரடி உருண்டு திரண்டு நிற்கிறதே, குருவி மட்டும் ஏன் கொழுப்பதே இல்லை? ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம் தேட வேண்டியதில்லை. ஒரு தாளை எடுத்து வரவு செலவு எழுதினால் பாதி பதில் கிடைத்துவிடும்.

கணக்கில் தலைப்புகள் நான்கே. தின்பது வரவு. உயிரோடு இருப்பதும் ஓடியாடுவதும் அன்றாடச் செலவு. உடம்பில் உள்ள கொழுப்பு கையிருப்பு. குட்டி போட்டு வளர்ப்பது பெருஞ்செலவு, ஆனால் தள்ளிப்போடக் கூடிய செலவு. மூச்சு விடுவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியாது. குட்டி போடுவதைத் தள்ளிவைக்கலாம். விலங்குகள் செய்யும் விசித்திரங்களில் பலவும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவை.

நான் வெகுகாலம் கொழுப்பை "எவ்வளவு இருக்கிறது" என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாதத்தில் சேர்ந்தது, எந்த மாதத்தில் கரைகிறது என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் கணக்கு பிடிபட்டது. ஒரு பருவத்துச் சாப்பாட்டை இன்னொரு பருவத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் மூட்டைதான் கொழுப்பு. மூட்டை கட்டும் நாளும் அவிழ்க்கும் நாளும் தெரியாமல் மூட்டையின் கனத்தை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை.

தேவையானவை: ஒரு நோட்டு, வர்க்கமூலப் பொத்தான் உள்ள கால்குலேட்டர், உங்களுக்குப் பிடித்த ஒரு விலங்கு. முதல் முறை என்றால் பாலூட்டியோ பறவையோ எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பும் பூச்சியும் அப்புறம்.

முதல் படி: எடையிலிருந்து அன்றாடச் செலவு

விலங்கின் எடையைக் கிலோவில் எழுதுங்கள். அதை மும்முறை பெருக்குங்கள், அதாவது எடை × எடை × எடை. வந்த எண்ணுக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். கடைசியில் 70ஆல் பெருக்குங்கள். வருவது, அந்த விலங்கு எதுவும் செய்யாமல் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஆகும் செலவு, கிலோகலோரியில். சாப்பாட்டுப் பொட்டலங்களில் "கலோரி" என்று அச்சிடுவது இதே அலகைத்தான்.

16 கிலோ விலங்கு ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். மும்முறை பெருக்கினால் 4096. ஒரு தடவை வர்க்கமூலம் 64, இன்னொரு தடவை 8. அதை 70ஆல் பெருக்க 560. ஒரு கிலோ விலங்குக்கு இதே கணக்கில் 70 வரும். எடை 16 மடங்கு கூடியும் செலவு 8 மடங்குதான் கூடியிருக்கிறது பாருங்கள். மாக்ஸ் கிளைபர் என்ற உடலியல் அறிஞர் 1932இல் எலி முதல் மாடு வரை வைத்துக் காட்டிய விதி இது. பெரிய உடம்பு கிலோவுக்குக் கிலோ சிக்கனமானது. 30 கிராம் சுண்டெலிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5, 4000 கிலோ யானைக்குச் சுமார் 35,000. கிலோ கணக்கில் வகுத்தால் எலிக்கு 168, யானைக்கு 9 கூட இல்லை. (யானைக்குப் போடும்போது நடுவில் 6400 கோடி என்று ஓர் எண் வரும். எட்டு இலக்கக் கால்குலேட்டர் கையை விரித்துவிடும், போனில் போட்டுக்கொள்ளுங்கள்.)

இது படுத்திருக்கும் செலவு. நடந்து, மேய்ந்து, குளிர் தாங்கி, சண்டை போட்டு வாழும் நாளுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை வைத்துக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் பல்லி, பாம்பு வகைகளுக்கு இந்தச் சூத்திரத்தைப் போடவே கூடாது. அதே எடையுள்ள பாலூட்டியின் செலவில் அவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். உள்ளே அடுப்பெரிக்காத வீடு அது.

இரண்டாம் படி: கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்

ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. வித்தியாசம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்றுதான் தோன்றும். உண்மையில் அதைவிடப் பெரியது. மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேர்க்கும்போது ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. கொழுப்புக்கு அந்தத் தண்ணீர்ச் சுமை கிடையாது. ஆக, தூக்கிச் சுமக்கும் எடைக்குக் கிடைக்கும் எரிபொருளைப் பார்த்தால் கொழுப்பு எட்டொன்பது மடங்கு இலாபம். மரத்துக்கு இந்தக் கவலை இல்லை. ஓரிடத்தில் நிற்பதால் அது கிழங்கிலும் வேரிலும் மாவாகவே சேர்த்து வைக்கலாம். நடப்பனவும் பறப்பனவும் நீந்துவனவும் கொழுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது கணக்கு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வோம். சுண்டெலியிடம் 3 கிராம், அதாவது 27 கிலோகலோரி. நாளுக்கு 5 என்றால் ஐந்து நாள். வாழும் செலவைச் சேர்த்தால் இரண்டு மூன்று நாளில் முடிந்தது கதை. யானையிடம் 400 கிலோ, அதாவது 36 இலட்சம். நாளுக்கு 35,000 என்றால் நூறு நாள். ஒரே பங்கு கொழுப்பு, ஐந்து நாளுக்கும் நூறு நாளுக்கும் உள்ள தூரம். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் திமிங்கிலத்தையும், சில மணிநேரம் தீனி இல்லாவிட்டால் துவண்டுவிடும் மூஞ்சூறையும் பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டு எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு; உடம்பெல்லாம் கம்பளிபோலப் போர்த்தாமல் முதுகில் குவித்து வைத்திருப்பதால் மற்ற இடங்களில் சூடு வெளியேறத் தடையில்லை. சீலுக்கு நேர் எதிர்: குளிர்ந்த கடலில் அதற்குக் கம்பளியேதான் வேண்டும், அதனால் தோலுக்கடியில் சுற்றிலும் கொழுப்பு. மடகாஸ்கரில் உள்ள குட்டை லெமூர் ஒன்று வாலில் சேர்த்துக்கொண்டு வருடத்தில் ஏழு மாதம் மரப்பொந்தில் உறங்குகிறது.

மூன்றாம் படி: இருப்பைக் கையால் தொட்டுப் பார்ப்பது

எடை மட்டும் தெரிந்தால் போதாது. பெரிய எலும்புக்கூட்டு விலங்கு மெலிந்தும், சிறிய விலங்கு கொழுத்தும் ஒரே எடையைக் காட்டலாம். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் உடல்நிலை மதிப்பெண் போடுகிறார்கள். நாய், பூனைக்கு ஒன்று முதல் ஒன்பது வரை. கறவை மாட்டுக்குப் பல நாடுகளில் ஒன்று முதல் ஐந்து வரை.

கற்றுக்கொள்ள எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. முஷ்டியை மடக்கி முட்டிகளின் மேல் மறுகை விரலை ஓட்டுங்கள். விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் விலங்கு மெலிவு. கையை விரித்து வைத்துப் புறங்கையில் ஓட்டுங்கள். எலும்பு தெரியும், ஆனால் மேலே மெல்லிய மெத்தை இருக்கும். அதுதான் சரியான நிலை. உள்ளங்கையைத் திருப்பி விரல்களின் அடிப்பாகத்தில் அழுத்துங்கள். அழுத்தினால்தான் எலும்பே தெரியும். அது கொழுப்பு கூடியது. கண்ணை மூடிக்கொண்டு செய்வது நல்லது. நீளமுடிப் பூனை ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்துக் "கொழுகொழு" என்று நோட்டில் குறித்துவிட்டு, பிறகு தொட்டபோது விரலுக்கடியில் சீப்புப் பல் மாதிரி விலா ஓடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முடி மொத்தமும் பொய் சொல்லியிருக்கிறது.

காட்டு விலங்கைத் தொடக் கூடாது. பின்பக்கத்திலிருந்து பாருங்கள். இடுப்பெலும்புகளுக்கு நடுவே குழி விழுந்திருக்கிறதா, சமமாக இருக்கிறதா, மேடாக இருக்கிறதா? அதுவே போதும்.

பறவைகளுக்கு வேறொரு வழி உண்டு. வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டும் பயிற்சி பெற்றவர்கள் பறவையை மல்லாத்திப் பிடித்து, கழுத்துக்கடியில் கவட்டை எலும்புக்கு நடுவே உள்ள குழியில் மெதுவாக ஊதுவார்கள். இறகு விலகும். தோல் கண்ணாடித்தாள் போல மெல்லியது. கீழே வெறும் செந்நிறத் தசை தெரிந்தால் இருப்புக் காலி; குழிக்குள் வெண்மஞ்சளாக ஏதோ தேங்கியிருந்தால் அது கொழுப்பு; குழி நிரம்பி வெளியே பிதுங்கினால் அந்தப் பறவை ஒரு நீண்ட பயணத்துக்குத் தயார். இதற்கும் மதிப்பெண் அட்டவணை உண்டு. முதல் தடவை ஒரு பறவையின் பயணத்திட்டத்தை அதன் கழுத்துக் குழியில் படித்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

நான்காம் படி: இருப்புக்கும் வாடகை உண்டு

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு, கொழுத்தது நலம், மெலிந்தது நலமில்லை என்று எழுதிவிடுவது. கொழுப்பைத் தூக்கிக்கொண்டு திரியக் காசாகும்.

இங்கிலாந்தில் பட்டாணிக்குருவி இனம் ஒன்றை வருடக்கணக்காக எடை போட்டு வந்திருக்கிறார்கள். பூச்சிமருந்தால் அங்கே வல்லூறுகள் அருகிப்போயின. குருவிகளின் எடை கூடியது. மருந்துக்குக் கட்டுப்பாடு வந்து வல்லூறுகள் திரும்பின. குருவிகளும் பழையபடி இளைத்தன. தீனி குறைந்ததால் இளைக்கவில்லை. கனத்த குருவி மெதுவாகத்தான் மேலெழும்பும், வல்லூறுக்கு அந்த அரை நொடி போதும். ஆக, குளிர்கால இரவைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையே பகலில் சேர்த்து, விடியும்போது காலியாக எழுந்திருப்பதுதான் அதற்குக் கட்டுப்படியாகிற வழி.

இந்தப் படியில் நோட்டில் எழுத வேண்டியது ஒன்றே: இந்த விலங்கைத் தின்பது யார்?

ஐந்தாம் படி: பன்னிரண்டு கட்டம் போடுங்கள்

இதுதான் கணக்கின் நெஞ்சு. வருடத்துக்குப் பன்னிரண்டு கட்டம். எந்த மாதங்களில் தீனி ஏராளம் என்று பச்சையில் நிரப்புங்கள். பிறகு குட்டிச் செலவின் உச்சம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று சிவப்பில் குறியுங்கள்.

உச்சம் சினைக்காலத்தில் இல்லை, பாலூட்டும் காலத்தில் இருக்கிறது. பாலூட்டும் சுண்டெலி வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு தின்கிறது. அதற்கு மேல் தீனி கொடுத்தாலும் தின்னாது. வயிறு கொள்ளவில்லையா, மடி சுரக்கவில்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் குழம்பினார்கள். 2007இல் ஸ்காட்லாந்தில் ஒரு குழு பாலூட்டும் எலிகளின் முடியை மழித்துவிட்டுப் பார்த்தது. எலிகள் கூடுதலாகத் தின்றன, கூடுதலாகப் பால் சுரந்தன, குட்டிகளும் கனத்தன. தடை தீனியில் இல்லை, சூட்டில். அவ்வளவு பால் சுரக்கும் உடம்பு அடுப்பாய்க் கொதிக்கிறது, அந்தச் சூட்டை வெளியேற்ற முடிகிற அளவுக்குத்தான் வேலை செய்ய முடிகிறது. செலவுக்கு உச்சவரம்பு போடுவது எப்போதும் வரவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய அடி.

சரி, சிவப்புக் கட்டம் பச்சைக் கட்டத்தின் மேல் விழ வேண்டும். பெரும்பாலான விலங்குகள் அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இணை சேரும் மாதத்தை வைத்திருக்கின்றன. பின்னோக்கி எண்ணினால் சில சமயம் ஒத்துவராது. கருங்கரடி கோடைத் தொடக்கத்தில் இணை சேர்கிறது. குட்டி பிறப்பது நடுக்குளிர்காலத்தில், குகைக்குள். நடுவில் இத்தனை மாதமா? கரு உண்மையில் வளர்வது இரண்டு மாதம்தான். அதுவரை அந்தச் சின்னஞ்சிறு செல் உருண்டை கருப்பையில் ஒட்டாமல் மிதந்துகொண்டு காத்திருக்கிறது. தாய் கோடையும் இலையுதிர்காலமும் தின்று கொழுத்தால் கரு ஒட்டி வளரும். போதிய கொழுப்பு சேரவில்லை என்றால் ஒட்டாது, அந்த வருடம் குட்டி இல்லை. வாங்குவதாகச் சொல்லிவிட்டு, கையில் பணம் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடுவது மாதிரி. பிறக்கும் குட்டியும் அரைக் கிலோகூட இருக்காது. பெரிய குட்டியை வயிற்றில் வளர்ப்பதைவிடச் சின்னதாகப் பெற்றுக் கொழுப்பைப் பாலாக்கிக் கொடுப்பது பட்டினி கிடக்கும் தாய்க்கு ஏற்றது.

வருடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களைப் பல பத்தாண்டுகளாகத் தனித்தனியாக அடையாளம் வைத்துக் கவனித்து வருகிறார்கள். கோடை முழுவதும் குட்டிக்குப் பால் கொடுத்த பெண்மான் இலையுதிர்காலத்துக்கு இளைத்த உடம்போடு வருகிறது. அந்த வருடம் அது சினைபிடிக்கும் வாய்ப்பு குறைவு. போன வருடக் குட்டி இந்த வருட இருப்பைக் குடித்துவிட்டது. முதலில் கேட்ட அந்தத் தனிப் பெண்மான் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

ஆறாம் படி: அன்றாடங்காய்ச்சியா, இருப்பைக் கரைப்பதா?

ரூடி டிரென்ட், செர்ஜ் டான் என்ற இரண்டு டச்சு உயிரியலாளர்கள் 1980இல் பறவைகளைப் பற்றி எழுதும்போது இந்தப் பிரிவினையை வைத்தார்கள். சில விலங்குகள் முன்பே சேர்த்த முதலைக் கரைத்துக் குட்டி வளர்க்கின்றன. சில அன்றன்றைக்குக் கிடைப்பதை வைத்தே வளர்க்கின்றன. இரண்டாவது வகையை நான் அன்றாடங்காய்ச்சி என்றே எழுதி வைத்திருக்கிறேன், அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை.

இரண்டு சீல்களை அருகருகே வைத்தால் போதும். வட அட்லாண்டிக்கின் மிதக்கும் பனிக்கட்டி மேல் குட்டி போடும் ஹூடட் சீல் நான்கே நாள் பால் கொடுக்கிறது. பாலில் ஏறத்தாழ 60 சதவீதம் கொழுப்பு. பால் என்பதைவிட உருகிய வெண்ணெய் என்று சொல்லலாம். 22 கிலோவில் பிறந்த குட்டி நான்காம் நாள் 45 கிலோ. தாய் கடலுக்குப் போய்விடும், அவ்வளவுதான் தாய்ப்பாசம். பனிக்கட்டி எப்போது உடையும் என்று சொல்ல முடியாத இடத்தில் வேறு வழியில்லை. அண்டார்க்டிக் ஃபர் சீலுக்குக் கரை உறுதியானது, பக்கத்தில் மீனும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரும் உண்டு. அது சில நாள் கடலில் மேய்ந்து, ஓரிரு நாள் கரையில் பால் கொடுத்து, மறுபடி கடலுக்குப் போய், இப்படி நான்கு மாதம் இழுக்கிறது.

உடலளவு இங்கே பெரிதும் தீர்மானிக்கிறது. இரண்டாம் படியில் பார்த்த எலியால் இருப்பைக் கரைத்துக் குட்டி வளர்க்க முடியாது. மூன்றாம் நாள் மூட்டை காலி. ஆனால் அடுப்பெரிக்காத உயிர்கள் இந்த விதியிலிருந்து தப்பித்துவிடும். சில விரியன் பாம்புகள் இரண்டு மூன்று வருடம் தின்று சேர்த்து, உடம்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே குட்டி போடும். வாயே இல்லாத அந்துப்பூச்சிகள்கூட உண்டு. லூனா அந்து வளர்ந்த பின் ஒரு வாய்கூடத் தின்பதில்லை. பறப்பது, இணை தேடுவது, முட்டையிடுவது எல்லாமே புழுவாக இருந்தபோது தின்ற இலையின் பலத்தில்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவையே அதிகம். கட்டாயமாக ஒரு பெட்டிக்குள் அடைக்காதீர்கள்.

ஏழாம் படி: வாசலில் யார் கேட்கிறார்கள்?

இருப்பு போதுமா என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கதையின் திறவுகோல் ஒரு குண்டு எலி. 1949இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்தின் எலிக் கூண்டில் தற்செயலாகத் தென்பட்டது; சாதாரண எலியைப் போல் மூன்று மடங்கு பருத்தும் பசி தீராமல் தின்றுகொண்டே இருக்கும் வகை. விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு இருப்பு வைத்திருந்தும் அந்த எலிகள் மலடு. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து "இவ்வளவு இருக்கிறது" என்று மூளைக்குத் தகவல் சொல்கிறது. அந்த எலிக்கு லெப்டின் சுரக்கும் மரபணு பழுது. கிடங்கு நிறைய மூட்டை, ஆனால் கணக்குச் சீட்டு போய்ச் சேரவில்லை. மூளை பட்டினி என்றே நினைத்துத் தின்னச் சொல்கிறது, குட்டிச் செலவுக்குக் கதவையும் சாத்திவிடுகிறது. லெப்டின் ஊசி போட்ட பெண் எலிகள் இளைத்தன, பிறகு குட்டியும் போட்டன.

ஆக, வாசலில் கேட்கப்படுவது கொழுப்பு அல்ல, கொழுப்பைப் பற்றிய செய்தி. அந்தச் செய்தியில் இருப்பின் அளவு மட்டும் இல்லை, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் இருக்கிறது. நன்றாக இருக்கும் விலங்கைச் சில நாள் பட்டினி போட்டாலே, கொழுப்பு பெரிதாகக் குறைவதற்கு முன்பே லெப்டின் சரிந்துவிடும். கன்று ஈன்ற கறவை மாட்டைப் பாருங்கள். பால் உச்சத்துக்கு வருவது முந்தி, பசி உச்சத்துக்கு வருவது பிந்தி. நடுவில் உள்ள வாரங்களில் மாடு தன் உடம்பையே பாலாகக் கறக்கிறது. அதிகம் இளைத்த மாடு பருவத்துக்கு வரத் தாமதிக்கிறது. அதற்காக ஈனும் முன்பே நன்றாகக் கொழுக்க வைத்தால்? கொழுத்த மாடு ஈன்ற பின் சரியாகத் தின்னாது, இன்னும் வேகமாகக் கரையும், கரைந்த கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கும்.

நியூசிலாந்தில் காகாபோ என்ற பறக்காத கிளி அழிவின் விளிம்பில் இருந்தது. 1995இல் 51 பறவைகள்தான் மிச்சம். கூடுதல் தீனி வைத்தார்கள். பெண்கள் கொழுத்தன, ஆனால் ஆண் குஞ்சுகளாகவே அதிகம் பிறந்தன. இனத்தைப் பெருக்கத் தேவையோ பெண் குஞ்சுகள். ஆண் காகாபோ பெரியது, வளர்க்கச் செலவு அதிகம். கை நிறைய உள்ள தாய்தான் அந்தச் செலவில் இறங்குகிறது. தாய்களின் எடையைப் பார்த்துப் பார்த்துத் தீனியை அளந்து வைத்ததும் பெண் குஞ்சுகள் கூடின. இதைப் படித்த பிறகு "நல்லா தின்னட்டும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கும்.

எட்டாம் படி: செலவைக் குறைக்கும் தந்திரம் ஏதாவது?

வரவு போதவில்லை என்றால் செலவைச் சுருக்க வேண்டும். உங்கள் விலங்கு உடம்பைக் குளிரவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். சில ஹம்மிங் பறவைகள் ஒவ்வோர் இரவும் உடம்பு குளிர்ந்து மரத்துக் கிடந்து விடியலில் சூடேறுகின்றன. அலாஸ்காவின் ஆர்க்டிக் தரை அணில் குளிர்கால உறக்கத்தில் உடம்பை −2.9 டிகிரி செல்சியஸ் வரை விடுகிறது. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடம்பை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு நாளுக்குள் மறுபடி குளிரவிடும். குளிர்கால எரிபொருளில் பெரும்பங்கு இந்தச் சில நாள் விழிப்புகளுக்கே போய்விடுகிறது. ஆண் அணில் இன்னும் ஒரு படி மேல். வசந்தத்துக்குச் சில வாரம் முன்பே எழுந்து, வளையில் பதுக்கிய தீனியைத் தின்றுகொண்டு உள்ளேயே இருக்கும். விந்து உற்பத்திக்குச் சூடான உடம்பு வேண்டுமே.

மூஞ்சூறுக்கு உறக்கமும் கிடையாது, மூட்டையும் கிடையாது. ஐரோப்பிய மூஞ்சூறு குளிர்காலத்தில் உடம்பையே சுருக்குகிறது. மண்டையோடும் மூளையும்கூட ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கி வசந்தத்தில் மறுபடி வளரும். 1949இல் போலந்தின் அவுகுஸ்ட் டேனல் இதை எழுதினார். பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை, அலாஸ்காவிலிருந்து புறப்படும்போது உடம்பில் பாதிக்கும் மேல் கொழுப்பு. பறக்கும்போது வேலையில்லாத குடலையும் இரைப்பையையும் முன்பே சுருக்கிக்கொள்கிறது. 2022இல் ஐந்து மாத வயதே ஆன ஒரு மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை இறங்காமல் 11 நாளில் பறந்தது.

ஒன்பதாம் படி: அடுத்த வருடம் என்று ஒன்று உண்டா?

ஆஸ்திரேலியாவின் ஆன்டெகைனஸ் என்ற எலியளவு பைம்மாவின் (கங்காருவுக்கு உறவு) ஆணுக்கு அடுத்த வருடம் கிடையாது. ஓரிரு வாரம் இணை சேர்வதிலேயே மூழ்கி, அழுத்த ஹார்மோன் உச்சத்தில் நோயெதிர்ப்பு சரிந்து, எல்லா ஆண்களும் செத்துப்போகும். பசிபிக் சால்மனும் அப்படியே. ஆற்றில் ஏறியதும் தின்பதை நிறுத்தி மொத்த இருப்பையும் முட்டையிடுவதில் கொட்டிவிடும். அடுத்த வருடம் உள்ள விலங்கோ எங்காவது ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு முழுக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

எம்பரர் பென்குயின் ஆண். அண்டார்க்டிகா, குளிர்காலம். கரைக்கு வரும்போது சுமார் 38 கிலோ. இணை சேர்ந்து, முட்டையைக் காலின் மேல் வாங்கிக்கொண்டு, பெண் கடலுக்குப் போய்த் திரும்பும் வரை சுமார் 115 நாள் ஒரு வாய் தீனி கிடையாது. வழியெல்லாம் இளைப்பதால் சராசரி எடை 30 கிலோ என்று வைப்போம். மும்முறை பெருக்க 27,000. இரண்டு வர்க்கமூலம் எடுத்தால் 12.8. எழுபதால் பெருக்க ஏறக்குறைய 900. நூற்றுப்பதினைந்து நாளுக்கு 1,03,500 கிலோகலோரி. ஒன்பதால் வகுத்தால் 11.5 கிலோ கொழுப்பு. கொஞ்சம் தசையும் தண்ணீரும் சேர்ந்து போகும். உண்மையில் அவை இழப்பது எடையில் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது 15 கிலோ. காகிதக் கணக்குக்கு இது மோசமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நாம் போட்டது வெறும் படுத்திருக்கும் செலவு. பனிப்புயலில் நிற்கும் பறவை அந்தச் செலவிலேயே ஒப்பேற்றுகிறது என்றால், அது நூற்றுக்கணக்கில் ஒண்டி நெருக்கி நிற்பதால்தான். தனியாக நிற்கும் ஆண் இதைவிட வேகமாகக் கரையும்; பெண் வருமுன் மூட்டை காலியாகிவிடும்.

பெண் வரவே இல்லை என்றால்? கொழுப்பு அநேகமாகத் தீரும் கட்டம் வரும். முழுக்கத் தீருமுன்பே உடம்பு தசைப் புரதத்தை எரிக்கத் தொடங்கும், ஹார்மோன்கள் மாறும், பறவை நிலைகொள்ளாமல் அலையும். அப்புறம் முட்டையைப் பனியில் விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடக்க ஆரம்பிக்கும். நடக்கும் தூரத்துக்குப் போதுமான கொழுப்பு அப்போதும் உடம்பில் மிச்சமிருக்கும். உங்கள் நோட்டில் சிவப்புக் கோடு போட வேண்டியது அந்த இடத்தில், பூச்சியத்தில் அல்ல.